நாலாயிரத்தில் எடுத்த உப்பு

பாத்திவிளையில் நாற்பத்து மூன்று பேர் துண்டு துண்டாக நடக்கத் தொடங்கிய அந்த வருஷம் உப்பு அமோகமாக விளைந்தது, காற்றும் வெயிலும் சொன்ன சொல் கேட்டன, ஆகவே முதல் பதினைந்து நாட்களுக்கு ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது ஏன் இப்படி என்று கேட்டவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இருந்த கேள்வி, துண்டு துண்டாக நடப்பவரிடம் காப்பித் தம்ளரை எந்த நேரம் பார்த்து நீட்டுவது என்பதுதான். ஏன் என்பது பெனினா ஒருத்திக்குத் தெரியும், தெரிந்ததை வெளியே சொல்லாமல் அடிவயிற்றில் கல்லாகச் சுமந்துகொண்டு அவள் நாலரை மாதம் திரிந்தாள்.

பெனினா பக்கத்து டவுனில் கல்யாண வீடியோ எடுப்பவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்த பிறகு பன்னிரண்டு வயதுத் தங்கச்சி தெபோராளைக் கேமரா தூக்கியே வளர்த்தாள், கேமரா தூக்கியே படிக்க வைத்தாள், தனக்கும் ஒரு கல்யாணம் காட்சி உண்டு என்பதை எந்த வீட்டு முகூர்த்தத்திலோ மறந்து வைத்துவிட்டு வந்தாள், கடைசியில் பாத்திவிளையில் நாலு பாத்தி வைத்து உப்பு விளைவிக்கும் ஆசீருக்குத் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தாள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் உச்சி வெயிலில் புதுப்பெண் மாப்பிள்ளை வீட்டுப் பாத்தியில் இறங்கி, நீளக் கம்பில் பலகை அடித்த வாரியால் அந்த வருஷத்து முதல் உப்பை இழுத்து வரப்பில் ஒதுக்கிக் கை நிறைய அள்ளி நிற்க வேண்டும், ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து அவள் கையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை அவள் விருந்தாளி, அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரி.

அதை வீடியோ எடுக்கத்தான் பெனினா புது மிரர்லெஸ் கேமராவோடு வரப்பில் நின்றாள். வெயிலில் திரை தெரியாது என்று ஆசீர் அவளுக்குப் பின்னால் குடை பிடித்து நின்றான், அதனால்தான் அவன் தப்பித்தான். வீடியோவுக்கு ஒரு முறை இருக்கிறது, தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த முறை: ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம், ஒவ்வொரு படத்தின் நேரத்திலும் ஷட்டர் பாதி நேரம் திறந்திருக்க வேண்டும், பாதி நேரம் மூடியிருக்க வேண்டும், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு நொடி. அப்போதுதான் அசையும் கை லேசாக இழுபட்டுத் தெரியும், அந்த இழுபறிதான் ஒரு கணத்தை அடுத்த கணத்தோடு ஒட்டிவைக்கும், பார்க்கிறவன் கண்ணும் உறுத்தாமல் போகும். ஆனால் வானத்தில் ஒரு வெயில், தரையில் உப்பு திருப்பி அடிக்கும் இன்னொரு வெயில் என்று இருக்கும் உப்பளத்தில் ஐம்பதில் எடுத்தால் படம் வெள்ளைத் தாளாகிவிடும், ஆகவே லென்சுக்கு முன்னால் ஒரு கறுப்பு ஃபில்டரைத் திருகி மாட்டி வெயிலைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பெனினா மாட்டித்தான் இருந்தாள்.

மாப்பிள்ளையின் அக்கா ரூபாவதி வந்து திரையை எட்டிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். போனில் எவனோ எடுத்த வீடியோவில் தண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் தனித்தனியாக அந்தரத்தில் நிற்கிறதாம், அதுபோல உப்புக் கல் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி வர வேண்டுமாம், வராவிட்டால் டவுனில் வேறு ஆள் இல்லாமலா போயிற்று என்றும் ஒரு வார்த்தை விட்டாள். நடக்கிற ஆட்களை அப்படி எடுக்கக் கூடாது என்று பெனினாவுக்குத் தெரியும். ஆனால் தாய் தகப்பன் இல்லாத வீட்டுப் பெண் என்று மூன்று நாளாக அந்த வீட்டில் எல்லாரும் ஒரு தினுசாகப் பார்த்த பார்வை அவளைக் குடைந்துகொண்டிருந்தது, நான் யார் என்று காட்டுகிறேன் பார் என்று ஒரு ரோஷம் வந்தது, ஃபில்டரைக் கழற்றிப் பையில் போட்டாள், ஷட்டரை நாலாயிரத்துக்கு, அதாவது நாலாயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குத் திருப்பினாள். தெபோராள் சிரித்துக்கொண்டே உப்பை வாரினாள், நாற்பத்து இரண்டு பேர் வந்து சிட்டிகை எடுத்துப் போனார்கள், கடைசி ஆள் போகும்வரை பெனினா ஷட்டர் சக்கரத்தைப் பழையபடி திருப்பவே இல்லை. சாயங்காலம் சபை மண்டபத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டியபோது ஊரே உட்கார்ந்து உப்புக் கல்லை எண்ணியது, ரூபாவதி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தெபோராள் கொல்லையிலிருந்து அடுக்களைக்கு வந்தாள், ஆனால் நடந்து வரவில்லை. கிணற்றடியில் நின்றாள், துணிக்கொடியருகில் நின்றாள், வாசற்படியில் நின்றாள், நடுவில் எங்கும் இல்லை. அவள் ஊற்றிய காப்பி தாரையாக விழாமல் பாசிமணிகளாக விழுந்தது. அன்று மதியத்துக்குள் நாற்பத்து மூன்று பேருக்கும் அப்படியே ஆயிற்று, சைக்கிளில் போனவர் மரத்துக்கு மரம் தாவிப் போனார், தொட்டில் ஆட்டியவள் ஆட்டிய தொட்டில் வெட்டி வெட்டி நின்று பிள்ளை வீறிட்டது, சபையில் பாடினால் பாட்டில் பல்லுப் போன இடைவெளி விழுந்தது, நாய்கள் மூன்று நாள் குரைத்துவிட்டு அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டன. ஊர் பழகிக்கொண்டது. டவுன் பஸ் நடத்துநர் ஆள் தெரியும் நேரம் பார்த்துச் சீட்டைக் கையில் திணிக்கப் பழகினார், தொட்டில் ஆட்டும் வேலை வீடியோவில் வராதவர்களிடம் போயிற்று, சபையில் பாடகர் குழுவை இரண்டாகப் பிரித்து ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் பாடினார்கள், அது முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று போதகர் வேறு சொன்னார்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, ஊருக்கு அது பிடித்தும் போயிற்று. உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்துக் கிடந்த பாதங்கள் அந்த நாற்பத்து மூன்று பேருக்கும் ஆறிக்கொண்டு வந்தன, நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் அவர்களுக்கு வேர்க்கவில்லை, கண் எரியவில்லை. உப்பளத்துக்காரர்களுக்குக் கண் கெடாமலிருக்க அரசாங்கம் கொடுத்த கறுப்புக் கண்ணாடி ஒவ்வொரு வீட்டிலும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, வேர்வை வழிகிறது, உப்பு விளைந்தது தெரியவில்லை என்று யாரும் அதைப் போட்டதில்லை, இனி அதை ஆணியிலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை என்று சிரித்தார்கள். வீடியோவில் வராதவர்கள் பெனினாவைத் தேடி வந்து எங்களையும் அதே மாதிரி எடு என்று கெஞ்சினார்கள். கேமரா ரிப்பேர் என்று அவள் பொய் சொன்னாள்.

பயம் அவளுக்கு முதலில் கணக்காக வந்தது. தங்கச்சியைப் பார்க்க ஒருநாள் வந்து அடுக்களையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது தெபோராள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"ரெண்டு எட்டுக்கு நடுவுல ஒரு இடம் இருக்குக்கா. அங்கன வெயிலே கெடையாது. மூடி போட்ட உன் லென்சுக்குள்ள எப்படி இருக்குமோ, அப்படி."

பெனினா மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். இருபத்தைந்து படத்துக்கு நாலாயிரத்தில் எடுத்தால், ஒவ்வொரு படத்திலும் நூற்று அறுபதில் ஒரு பங்கு நேரம்தான் ஷட்டர் திறந்திருக்கும். அந்த ஒரு பங்குதான் இங்கே இருக்கிறாள், மிச்சம் நூற்று ஐம்பத்தொன்பது பங்கும் அங்கே. தன் முன்னால் உட்கார்ந்து பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிஷத்திலும் தங்கச்சி அரை நொடிகூட தன் முன்னால் இருந்ததில்லை.

பிறகு தெபோராள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது, ஆனால் நாலு மாதம் ஆகியும் வயிறு தட்டையாகவே கிடந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார், திரையில் ஒன்றுமே இல்லை, சத்தம் மட்டும் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு துடிப்பு. மிஷின் எதிரொலிக்கிறது என்று டாக்டரம்மா அதைத் தட்டிப் பார்த்தார், பிறகு தைரியம் சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் தெபோராள் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே போகும்போது மட்டும் வயிறு கனக்கிறது, இங்கே வந்ததும் காலியாகிவிடுகிறது என்றாள். பிள்ளை இருட்டில்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

ஆனி மாதம் தவசி அண்ணாச்சி போனார். நாற்பத்து மூன்று பேரில் ஒருவர், ஐம்பத்தைந்து வயது, மேற்கு வரப்பில் வாரியைத் தோளில் போட்டு வந்துகொண்டிருந்தவர், இந்த உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் தெரிந்தார், அடுத்த அம்பாரத்துக்குப் பக்கத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான். வாரி மட்டும் வரப்பில் கிடந்தது. அவர் மனைவி கோமதி, பிள்ளை குட்டி இல்லாதவள், ஒப்பாரி வைக்கவில்லை, அடுத்த எட்டில் வந்துவிடுவார் என்று ஒவ்வொரு மதியமும் தட்டில் சோறு போட்டு அந்த வரப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், ஆணியில் தொங்கிய அவருடைய கறுப்புக் கண்ணாடியைத் தினமும் துடைத்துத் துடைத்து மாட்டினாள். ஊரும் அந்தப் பக்கமாகப் போகும்போது தட்டில் நிழல் படாமல் சுற்றிப் போகப் பழகியது. பெனினாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை, சபை மண்டபத்தில் ஊரைக் கூட்டி, நான்தான் செய்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

ஊர் அவளை அடிக்கவில்லை. எல்லாரும் பேசியது எப்படித் திருப்பி எடுப்பது என்பதைப் பற்றித்தான். அதே பாத்தி, அதே உச்சி வெயில், அதே சிட்டிகை உப்பு, ஐம்பதில் ஷட்டர், முன்னால் கறுப்பு ஃபில்டர் என்று ஒருநாளைக்கு ஒருத்தராக அவள் எடுக்கத் தொடங்கினாள், எடுத்த ஆள் உப்பை நாக்கில் போட்டுக்கொண்டு முழுசாக நடந்து வீட்டுக்குப் போனார். ஆறின பாதம் மறுபடி வெடிக்குமே என்று ரூபாவதி கடைசிவரை முரண்டு பிடித்தாள், எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவள் கடைசியாகத்தான் வந்தாள். நாற்பத்தொரு நாளில் நாற்பத்தொரு பேர் திரும்பினார்கள். மிச்சம் தவசி அண்ணாச்சியும் தெபோராளும்தான். தெபோராள் மட்டும் கேமரா முன்னால் வரவே மாட்டேன் என்றுவிட்டாள், நான் முழுசாக இங்கே வந்துவிட்டால் அது அங்கே யாருக்குப் பிள்ளை என்று கேட்டாள், மாமியாரும் ஆசீரும் மாற்றி மாற்றிச் சொல்லியும் அசையவில்லை.

புரட்டாசி பாதியில், எட்டாம் மாதம் முடிவதற்குள், ஒரு மத்தியானம் தெபோராள் அடுக்களையில் உட்கார்ந்தபடியே வலியில் துடித்தாள், துண்டு துண்டாகத் துடித்தாள், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஓய்ந்து சுவரில் சாய்ந்தாள். பெனினா டவுனிலிருந்து ஓடி வந்தபோது அவள் மார்பு நனைந்திருந்தது, கை இரண்டும் மடியில் விரிந்து கிடந்தன.

"பெத்துட்டேன்க்கா," என்றாள். "கையிலதான் இல்ல."

இருட்டில் ஒரு அழுகுரல் கேட்டது, கையை நீட்டுவதற்குள் வெயில் தன்னை இங்கே பிடித்து இழுத்துவிடுகிறது, மறுபடி போகும்போது குரல் வேறு பக்கம் கேட்கிறது என்றாள். அந்த வீடியோவில் அவள் கையில் இருந்தது உப்பு, ஆகவே போகும்போதும் வரும்போதும் உப்பு தவிர வேறு எதையும் அவளால் கொண்டுவர முடியாது. பெனினாவுக்கு அது சட்டென்று விளங்கியது. வெறும் துணியை ஏணையாக விரித்துப் பிடித்த ஒருத்தி படத்தில் விழுந்தால், அவள் துணியில் எதையும் ஏந்தி வரலாம். இத்தனை வருஷத்தில் ஆயிரம் கல்யாணம் எடுத்தவள், ஒரு படத்திலும் தான் விழுந்ததில்லை. நான் போகிறேன் என்றாள்.

கேமராவைப் பிடிக்க தெபோராள்தான் வேண்டும், பிள்ளை துணிக்குள் வந்துவிட்டதா என்பதை அங்கேயும் இங்கேயும் இருக்கும் அவளால் மட்டும்தான் பார்க்க முடியும். பெனினா அவளுக்கு மூன்று நாள் சொல்லிக் கொடுத்தாள். முதலில் எட்டாயிரம், எவ்வளவு கூட்டுகிறாயோ அவ்வளவு நேரம் நான் அங்கே இருப்பேன், ஃபில்டர் வேண்டாம். பிள்ளை துணியில் விழுந்ததும் ஃபில்டரை மாட்டு, உடனே ஐம்பதுக்குத் திருப்பு. மாட்டாமல் திருப்பினால் படம் வெள்ளையாகிவிடும், வெள்ளையில் போனவர்களைத் தேடிப் பிடிக்க எனக்குத் தெரியாது. கிழக்கே கடலுக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, மழை இறங்கினால் பாத்தியெல்லாம் முங்கிப் போகும், அடுத்த தை வரை வெயிலும் இல்லை உப்பும் இல்லை. நாலாம் நாள் உச்சியில் பெனினா அம்மாவின் பழைய நூல் சேலையை இரண்டு கையிலும் ஏந்திப் பாத்தியில் இறங்கினாள். ஊர் முழுக்க வரப்பில் நின்றது, ஒருத்தரும் மூச்சு விடவில்லை. தெபோராள் பொத்தானை அழுத்தினாள்.

வெயில் நின்றுபோயிற்று. காலுக்குக் கீழே அதே பாத்தி, அதே உப்புத் தண்ணீர், ஆனால் சூடும் இல்லை குளிர்ச்சியும் இல்லை, தன் மூச்சுச் சத்தம் தனக்குப் பின்னால் யாரோ விடுவது மாதிரி தாமதமாகக் கேட்டது. நொடிக்கு இருபத்தைந்து முறை வெயில் ஊசியாகக் குத்திவிட்டுப் போயிற்று, ஒவ்வொரு குத்திலும் வரப்பில் நிற்கும் முகங்கள் மின்னி மறைந்தன. கத்த வேண்டும் போலிருந்தது, வாயைத் திறந்தால் இந்த இருட்டு உள்ளே வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேற்கு வரப்பைப் பார்த்து நடந்தாள். அங்கே தலையில் துண்டோடு தவசி அண்ணாச்சி குந்தியிருந்தார். மடியில் பிள்ளை இருந்தது.

"அழாம வச்சிருந்தேன்," என்றார். எழுந்து அதைச் சேலைக்குள் வைத்தார். "இவள முதல்ல கொண்டு போம்மா."

நீங்களும் வாருங்கள் அண்ணாச்சி என்று பெனினா அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே இன்னும் இருட்டாக இருந்தது. பெனினாவும் பார்த்திருப்பாள், அதற்குள் வெள்ளை வந்துவிட்டது.

தெபோராள் பிள்ளையைப் பார்த்துவிட்டாள், பார்த்த பதற்றத்தில் முறை மாறிவிட்டது, ஐம்பதுக்குத் திருப்பிவிட்டு ஃபில்டரை எடுத்தாள். நாற்பத்தொரு நாள் உப்புக் காற்றில் நின்ற ஃபில்டரின் திருகு மரைக்குள் உப்பு பூத்து இறுகியிருந்தது, திருக வரவில்லை, ஈரக் கையில் வழுக்கிப் பாத்தியில் விழுந்து மூழ்கியது. திரையில் அக்காவின் கால் வெள்ளையில் கரைந்தது, இடுப்பு கரைந்தது, சேலையின் ஓரம் கரையத் தொடங்கியது. ஆசீர் தண்ணீரில் விழுந்து துழாவினான். ரூபாவதி முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது கோமதி வரப்பிலிருந்து வந்தாள், இடுப்பில் செருகியிருந்த தவசியின் கறுப்புக் கண்ணாடியை எடுத்து, ஒரு கண் வில்லை லென்சை முழுக்க மறைக்கும்படி வைத்து, கை நடுங்காமல் பிடித்தாள்.

வெள்ளைக்குள்ளிருந்து சேலை ஓரம் திரும்பி வந்தது, பிறகு கை, பிறகு பெனினா முழுசாக வந்து முழங்கால் மடங்கி உப்பில் விழுந்தாள். சேலைக்குள் பிள்ளை வீறிட்டது, நடுவில் எங்கும் அறுபடாத நீள அழுகை. ஊர் அந்த அழுகையைக் கேட்டுத்தான் மூச்சு விட்டது. அந்தக் கண்ணாடியில் இருந்த கீறல் மட்டும் பிள்ளையின் இடது கன்னத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. அதே வெயிலில், அதே கண்ணாடியைப் பிடித்துத் தெபோராளையும் எடுத்தார்கள், அவள் பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறு கையில் உப்போடு நின்றாள், முழுசாக வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு இருட்டு தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் தன் காலையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

எல்லாரும் போன பிறகு கோமதி மட்டும் நின்றாள். பெனினாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் அங்கே இருக்கிறார் என்று சொன்னாள், அவர்தான் பிள்ளையைக் காப்பாற்றி வைத்திருந்தார் என்று சொன்னாள், கூட்டி வர முடியவில்லை என்று சொன்னாள்.

"அவிய சாப்ட்டாவளா, கேட்டியா?" என்றாள் கோமதி.

பெனினா கேட்கவில்லை. மறுநாள் உச்சியில் கோமதியின் சோற்றுத் தட்டை மேற்கு வரப்பில் வைத்து, தட்டை மட்டும் நாலாயிரத்தில் எடுத்தாள், ஒரு மணி நேரம் பொறுத்து, கண்ணாடியைப் பிடித்து ஐம்பதில் திருப்பி எடுத்தாள். தட்டு காலியாக வந்தது, உப்புத் தண்ணீரில் கழுவிக்கூட வைத்திருந்தது. கோமதி அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். மேகம் கிழக்கிலேயே நின்றது, அதற்கு அடுத்த நாளும் வெயில் வந்தது, அன்றும் தட்டு காலியாக வந்தது. ஊரில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் குழம்பையும் கொஞ்சம் கொடுத்து அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் தட்டில் சோறு மிச்சம் இருந்தது. கோமதி குனிந்து பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். சோற்றை விரலால் நசுக்கி நசுக்கிக் கூழாக்கி, தண்ணீர் விட்டுக் கரைத்து, தட்டின் ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தது. அவர் ஒரு வாய்கூட சாப்பிட்டிருக்கவில்லை.

"இது அவிய சாப்புட்ட சாப்பாடு இல்லட்டி," என்றாள். "பச்சப் பிள்ளைக்குக் குடுக்கக் கரைச்சது."

தட்டின் விளிம்பில் கூழ் பட்டுக் காய்ந்த ஒரு தடம் இருந்தது, ஒரு புளியங்கொட்டை அகலமே உள்ள உள்ளங்கை, அதிலிருந்து ஐந்து விரல். பெனினா அதைப் பார்த்தாள். ஸ்கேன் அறையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட இரண்டு துடிப்பும் அவளுக்குக் கேட்டன. இவளை முதலில் கொண்டு போ என்று அவர் சொன்னதும், சொல்லிவிட்டு முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்ததும் நினைவுக்கு வந்தன. ஒரு பிள்ளை குடித்துத் தீராமல் தெபோராளுக்கு மார்பில் பால் வழிந்துகொண்டே இருப்பதும் நினைவுக்கு வந்தது. கிழக்கே பார்த்தாள். கடலிலிருந்து கிளம்பிவிட்ட மேகத்தின் நிழல் உப்பளத்தின் கடைசிப் பாத்தியில் ஏறிக்கொண்டிருந்தது.

கூப்பிட்ட குரலுக்குத் தெபோராள் பிள்ளையோடு ஓடி வந்தாள், தட்டைப் பார்த்தாள், பிள்ளையை ஆசீரின் கையில் கொடுத்துவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். இனி உனக்கு இருட்டு தெரியாது, முந்நூறு எண்ணி முடித்ததும் ஐம்பதுக்குத் திருப்பு என்று சொல்லிவிட்டுப் பெனினா சேலையை எடுத்தாள். மேகம் வருவதற்குள் ஒரு தடவைதான் போய் வர முடியும், துணியில் ஒன்றைத்தான் ஏந்த முடியும் என்பது அங்கே நின்ற மூன்று பெண்களுக்கும் தெரியும். பெனினா கோமதியைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோமதி இடுப்பிலிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்தாள், லென்சுக்குப் பக்கத்தில் தயாராகப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைய எடு," என்றாள். "நாளைக்கும் சோறு கொண்டாருவேன்னு அவியகிட்டச் சொல்லு."

நிழல் மூன்றாவது வரப்பைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பெனினா பாத்தியில் இறங்கிச் சேலையை விரித்துப் பிடித்தாள், எட்டாயிரத்தில் வை என்றாள், தெபோராள் வைத்தாள்.